ஆட்டோனமி: ஊர்களுக்கு இருந்த சொல்

1785-இல் ரீகா நகரப் பதிப்பாளர் ஹார்ட்க்னோக் ஒரு சிறிய புத்தகத்தை வெளியிட்டார். எழுதியவர் கோனிக்ஸ்பர்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் இம்மானுவேல் கான்ட். நூலின் பெயரைத் தமிழில் ‘ஒழுக்க மெய்யியலுக்கு அடித்தளம்’ என்று சொல்லலாம். அதில் ‘ஆட்டோனமி’ என்ற பழைய கிரேக்கச் சொல்லை எடுத்து மனிதச் சித்தத்துக்குச் சூட்டினார் கான்ட். அதுவரை அது ஊர்களுக்கும் பிரபு வம்சங்களுக்கும் சபைகளுக்கும் வழங்கிவந்த சொல். வக்கீல்களும் வரலாற்றாசிரியர்களும் கையாண்டது. அதை ஒரு தனி ஆளின் நெஞ்சுக்குள் கொண்டுபோய் வைத்ததுதான் அவர் செய்த காரியம்.

சொல்லுக்கு இரண்டு பாதி. ‘ஆட்டோஸ்’ என்றால் தான். ‘நோமோஸ்’ என்றால் சட்டம். முதல் பாதி எல்லோருக்கும் பிடிக்கும், இரண்டாம் பாதியைத்தான் மறந்துவிடுவோம். 1785 முதல் ஹெகலின் ‘உரிமையின் மெய்யியல்’ வரையிலான ஏறக்குறைய முப்பத்தைந்து ஆண்டு ஜெர்மன் கருத்துமுதல்வாதத்தை அந்த இரண்டாம் பாதியைப் பற்றிய சண்டை என்றே நான் வாசிக்கிறேன். தனக்குத் தானே சட்டம் என்றால், அந்தச் சட்டம் எங்கிருந்து வருகிறது?

நோமோஸ் எழுதிவைத்த சட்டத்தை மட்டும் குறிக்கவில்லை. ஊர் வழக்கம், மரபு, முறை எல்லாம் அதற்குள் அடங்கும். பங்கிடுதல், பகிர்ந்தளித்தல் என்னும் பொருளுடைய ‘நெமெய்ன்’ என்ற வினையிலிருந்து வந்தது. எகனாமி, அஸ்ட்ரானமி ஆகியவற்றின் வாலில் தொங்குவதும் இந்த வேர்தான். ஓசை ஒற்றுமையைக் கண்டு நம் ‘நியமம்’ இதற்கு உறவு என்று யாரேனும் கட்டுரை எழுதுமுன் சொல்லிவிடுகிறேன்: உறவில்லை. நியமம் ‘யம்’ என்ற வேரிலிருந்து பிறந்தது. அடக்குதல், கட்டுப்படுத்தல் அதன் பொருள்.

கிரேக்கர்களிடம் சுதந்திரத்துக்கு ‘எலெஃப்தெரியா’ என்று வேறு சொல் இருந்தது. அடிமையல்லாதவனின் நிலை அது. ‘ஆட்டோனமியா’ அதைவிடச் சிறியது. பெரும்பாலும் வலிய நகரத்தின் நிழலில் இருக்கும் எளிய நகரம் கேட்கிற உரிமை அது. உன் தலைமையை ஏற்கிறோம், உன் கூட்டணியில் இருக்கிறோம், ஆனால் எங்கள் ஊர் வழக்குகளை எங்கள் சட்டப்படி நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்பதுதான் அந்தக் கோரிக்கை. ஏதென்ஸின் பிடி இறுகியபோது, ஒப்பந்தப்படி எங்களுக்கு உரிய ஆட்டோனமி இல்லை என்று ஏஜினா தீவினர் ஸ்பார்ட்டாவிடம் முறையிட்டதைத் தூசிடிடீஸ் பதிவுசெய்கிறார். கி.மு. 386-இல் ஏற்பட்ட ‘மன்னர் சமாதான’த்தில் கிரேக்க நகரங்கள் ஆட்டோனமி உடையவை என்று அறிவிக்கப்பட்டன. அறிவித்தவர் பாரசீகப் பேரரசர் அர்தக்செர்க்சஸ். ஆசியக் கரையில் இருந்த கிரேக்க ஊர்களைத் தமக்கு வைத்துக்கொண்டுதான் அறிவித்தார். தன்சட்டம் என்பதே அயலான் ஒருவன் ஆணையிட்டுக் கொடுத்த வரமாக இருந்தது.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அது சாதாரண விதிவிலக்கு அல்ல. இந்தச் சொல்லின் மிகப் பழைய பதிவுகளில் ஒன்று சோஃபக்லீஸின் ‘ஆன்டிகனி’ நாடகத்தில் இருக்கிறது. அங்கே அது ஊரைக் குறிக்கவில்லை, ஒரு பெண்ணைக் குறிக்கிறது. அரசன் கிரியோன் தடை விதித்த பிறகும் தன் அண்ணன் உடலுக்கு மண்ணிட்ட ஆன்டிகனியை உயிரோடு கல்லறைக்குள் அடைக்கக் கொண்டுபோகிறார்கள். தன் சட்டப்படி சாவுலகம் போகிறவள் என்ற பொருளில் தீப்ஸ் நகரத்துப் பெரியவர்கள் அவளை ‘ஆட்டோனமோஸ்’ என்கிறார்கள். பாராட்டா, குத்தலா என்று அறிஞர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டும் என்பது என் கட்சி. ஊருக்குரிய ஒன்றைத் தனி ஆள் கையில் எடுத்தால் ஊர்ப் பெரியவர்கள் அப்படித்தான் பேசுவார்கள்.

பிறகு பல நூற்றாண்டுகள் சொல் அதிகம் வெளியே வரவில்லை. ஜெர்மன் நாடுகளில் சமயப் பிளவு முற்றியபோது ஒருமுறை சத்தமாகக் கேட்டது. 1586-இல் மியூனிக்கில் அச்சான ‘டி ஆட்டோனமியா’ என்ற நூலை ஆன்ட்ரியாஸ் எர்ஸ்டன்பெர்கர் என்னும் பேரரசு அலுவலர் வேறொருவர் பெயரில் எழுதினார். விரும்பிய சமயத்தைப் பின்பற்ற ஆளாளுக்கு இடம் கொடுப்பதை அவர் ஆட்டோனமி என்றார். கத்தோலிக்கரான அவருக்கு அது கண்டனத்துக்குரிய கேடு. இதன் பிறகு சொல் சட்டத் துறையில் அடங்கிவிட்டது. பேரரசுக்குள் இருந்துகொண்டே தங்கள் வாரிசுரிமை விதிகளையும் சபை விதிகளையும் தாங்களே வகுத்துக்கொள்ளப் பிரபுக் குடும்பங்களுக்கும் நகரங்களுக்கும் இருந்த உரிமையே ஜெர்மன் வக்கீல்களின் ஆட்டோனமி.

கான்ட் கையில் அது வேறு பொருள் கொண்டதற்குக் காரணம் ஜெனீவாக்காரர் ஒருவர். 1762-இல் வெளிவந்த ‘சமுதாய ஒப்பந்தம்’ நூலில் ரூசோ, வெறும் இச்சையின் பின்னால் ஓடுவது அடிமைத்தனம், தனக்குத் தானே விதித்துக்கொண்ட சட்டத்துக்குப் பணிவதே சுதந்திரம் என்ற கருத்தைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போகிறார். அவர் பேசியது குடிமக்கள் கூட்டத்தைப் பற்றி. கான்ட்டின் வீட்டில் அலங்காரம் என்று எதுவும் கிடையாது. ரூசோவின் படம் ஒன்று மட்டும் சுவரில் தொங்கியது. ரூசோ குடியரசுக்குச் சொன்னதைக் கான்ட் ஒவ்வொரு மனிதச் சித்தத்துக்கும் சொன்னார். சட்டம் இயற்றுகிறவன், சட்டத்துக்கு உட்பட்டவன் என்ற இரண்டு பதவியும் ஒரே ஆளுக்கு. அரசியலிலிருந்து வந்த வாசனை அவர் நடையை விட்டுப் போகவே இல்லை. ஒழுக்க உலகத்தையே ‘இலக்குகளின் அரசு’ என்றார். அதில் ஒவ்வொருவரும் குடிமகனாகவும் சட்டமன்ற உறுப்பினராகவும் இருக்கிறார்கள்.

அவர் தரும் எடுத்துக்காட்டு ஒன்று நம் ஊர் மளிகைக் கடைக்கும் பொருந்தும். விவரம் தெரியாதவர் வந்தாலும் சின்னப் பிள்ளை வந்தாலும் ஒரே விலை சொல்கிற கடைக்காரர். நல்லவர்தான். ஆனால் ஏன் அப்படிச் செய்கிறார்? பேர் கெட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்பதற்காக என்றால், அவர் சித்தத்துக்குச் சட்டம் போடுவது லாபம். பிள்ளைமேல் இரக்கம் என்றால், உணர்ச்சி. சாமி தண்டிக்கும் என்ற பயம் என்றால், கடவுளின் ஆணை. இவை எல்லாவற்றையும் ‘ஹெடெரோனமி’ என்று ஒரே பெயரில் அடைத்தார் கான்ட். ‘ஹெடெரோஸ்’ என்றால் பிறிது. இன்பம், உணர்ச்சி, முழுமை, கடவுள் என்று அவருக்கு முந்தைய ஒழுக்கக் கோட்பாடுகள் கட்டிய அத்தனை தூண்களும் இந்த ஒரு சொல்லில் விழுகின்றன. மிஞ்சுவது அறிவு தனக்கு இட்டுக்கொள்ளும் ஒரே கட்டளை: நீ நடக்கும் முறை எல்லோருக்கும் சட்டமாக இருக்கலாம் என்று உன்னால் சம்மதிக்க முடிகிறபடி நட.

இங்கே நோமோஸ் கொஞ்சமும் தளரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கான்ட்டின் சுதந்திரம் ‘என் இஷ்டம்’ அல்ல. இஷ்டம் அவருக்கு ஹெடெரோனமிப் பக்கம். சட்டமே இல்லாத சித்தம் அவருக்கு அபத்தம். ஏஜினா தீவின் ஆட்டோனமிக்கு மேலே ஏதென்ஸ் இருந்தது. கான்ட்டின் ஆட்டோனமிக்கு மேலே எந்த அரசனும் இல்லை, ஆனாலும் பணிதல் இருக்கிறது.

அரசியலில் அவர் எவ்வளவு தூரம் போனார் என்பது வேறு கதை. 1794 அக்டோபரில், சமயம் பற்றி இனி இப்படி எழுதினால் வருத்தத்துக்குரிய விளைவுகள் நேரும் என்று பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃப்ரீட்ரிஷ் வில்ஹெல்மின் பெயரில் அவருக்கு எச்சரிக்கை வந்தது. மாட்சிமை தங்கிய மன்னரின் விசுவாசமுள்ள குடி என்ற முறையில் இனி சமயம் பற்றிப் பேசமாட்டேன், எழுதமாட்டேன் என்று கான்ட் எழுதிக் கொடுத்தார். 1797-இல் மன்னர் இறந்ததும், வாக்கு அந்த மன்னருக்குத்தானே என்று மறுபடி எழுதினார். ‘விசுவாசமுள்ள குடி’ என்பதை வேண்டுமென்றேதான் சேர்த்தேன் என்று விளக்கமும் கொடுத்தார். தனக்குத் தானே சட்டம் வகுத்தவருக்குச் சட்டத்தின் சந்துபொந்துகளும் தெரிந்திருந்தன.

அதே 1797-இல் வெளிவந்த ‘ஒழுக்க மெய்யியல்’ நூலில் இன்னொரு சொல் வருகிறது: ‘ஸெல்ப்ஷ்டெண்டிஷ்கைட்’. பிரித்தால், தன் காலில் நிற்றல். வாக்களிக்கும் தகுதி தன் காலில் நிற்பவருக்கு மட்டுமே. பிறர் சோற்றையும் பிறர் ஏவலையும் நம்பி வாழ்பவர்கள் ‘செயலற்ற குடிமக்கள்’. பெண்கள் அனைவரும் இந்தப் பட்டியலில். விறகு வெட்டும் கூலியாளும் இதில். அடுத்து வருபவர் இந்தியக் கொல்லர்! சுத்தியல், பட்டறைக்கல், துருத்தியோடு வீடு வீடாகப் போய் வேலை செய்கிறவர் என்பதால், செய்த பொருளைச் சந்தையில் வைத்து விற்கும் ஐரோப்பியக் கொல்லருக்கு உள்ள குடியுரிமைத் தகுதி அவருக்கு இல்லையாம். கோனிக்ஸ்பர்க்கை விட்டு அதிகம் நகராத மனிதரின் பக்கங்களில் நம் கொல்லர் துருத்தியைத் தூக்கிக்கொண்டு நுழைவது விசித்திரம்தான். இவர்களும் மனிதர் என்ற முறையில் சுதந்திரமானவர்களே, இந்த நிலையிலிருந்து மேலேறும் வழி அடைக்கப்படக் கூடாது என்றும் கான்ட் சேர்த்துக்கொள்கிறார். அந்தப் பட்டியலில் இன்னொருவரும் உண்டு: பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் வீட்டு ஆசிரியர். கான்ட் இளமையில் அந்த வேலையைத்தான் பார்த்தார். அவருக்குப் பின் வந்த மெய்யியலாளர்களில் ஃபிக்டே பார்த்தார், ஷெல்லிங் பார்த்தார், ஹெகல் பெர்னிலும் ஃப்ராங்ஃபர்ட்டிலும் பல ஆண்டு பார்த்தார். சுதந்திரத்தைச் சிந்தித்த நால்வரும் ஒரு காலத்தில் கான்ட்டின் கணக்குப்படி தன் காலில் நிற்காதவர்கள்.

கோட்பாட்டுக்குள்ளேயே ஒரு விரிசல் இருந்தது. அதை முதலில் உரக்கச் சொன்னவர்களில் ஒருவர் கான்ட்டைப் பரப்பிய கார்ல் லியோன்ஹார்ட் ரைன்ஹோல்ட். அறச்சட்டத்துக்குப் பணிகிற சித்தமே சுதந்திரச் சித்தம் என்றால், திருடுகிறவன் திருடும்போது சுதந்திரமாக இல்லை. அப்புறம் எப்படி அவனைக் குற்றம் சொல்வது? கான்ட் சட்டம் இயற்றும் சித்தம், தேர்ந்தெடுக்கும் சித்தம் என்று இரண்டாகப் பிரித்துப் பதில் சொன்னார். பதில் பலருக்கு நிறைவு தரவில்லை. 1809-இல் ஷெல்லிங் மனித சுதந்திரத்தின் இயல்பு பற்றிய தம் ஆய்வில் நேராகவே சொன்னார்: சுதந்திரம் என்பது நன்மைக்கும் தீமைக்கும் உள்ள ஆற்றல். தீமையை அறிவின் சோர்வு என்றோ உடம்பின் பலவீனம் என்றோ தள்ளிவிட முடியாது, அதுவும் மனிதன் தானாகச் செய்வதே. எனக்கு இந்த நால்வரில் நேர்மையான பக்கமாகத் தெரிவது இதுதான். ஆனால் இங்கே சுதந்திரம் இருக்கிறது, சட்டம் கண்ணுக்குத் தெரியாத ஆழத்துக்குப் போய்விட்டது.

ஃபிக்டே வேறு மாதிரி மனிதர். நாடா நெய்பவரின் மகன். 1792-இல் பெயர் போடாமல் வந்த அவருடைய முதல் நூலைக் கான்ட் எழுதியதென்று நினைத்துப் பாராட்டினார்கள். கான்ட் தாமே எழுதியவரின் பெயரைச் சொன்னதும் ஒரே நாளில் புகழ் வந்தது. யேனா வகுப்பறையில், சுவரை நினையுங்கள், இப்போது அந்தச் சுவரை நினைத்தவரை நினையுங்கள் என்று மாணவர்களைத் திணறடிப்பாராம். எல்லாவற்றையும் ‘நான்’ என்ற ஒன்றின் செயலிலிருந்து தொடங்கியவர் என்பதால், ஆட்டோஸ் பாதியை வீங்கவைத்தவர் என்று அவரைக் கேலி செய்வது வழக்கம். அது பாதி உண்மை. 1796-இல் எழுதிய இயற்கை உரிமை நூலில் அவர் சொல்வது நேர் எதிரானது. இன்னொரு மனிதர் என்னைச் சுதந்திரமானவனாக மதித்து, நீ செய் என்று அழைத்தால் ஒழிய நான் சுதந்திரமானவன் என்ற உணர்வே எனக்குள் பிறக்காது. ‘ஆஃப்ஃபோர்டருங்’ என்று அதற்குப் பெயர் வைத்தார். அழைப்பு என்று சொல்லலாம். பிள்ளை வளர்ப்பே அந்த அழைப்புதான் என்றார். தனித்தீவு போலத் தோன்றிய ‘தான்’ என்பதற்குள் இன்னொருவர் வந்துவிட்டார்.

அந்த இடத்திலிருந்துதான் ஹெகல் தொடங்குகிறார். கான்ட்டின் சட்டம் வெறும் வடிவம், அதற்குள் எதை வேண்டுமானாலும் நிரப்பலாம் என்பது அவர் குறை. ஊரும் குடும்பமும் வேலையும் நீதிமன்றமும் இல்லாமல் தனியாக உட்கார்ந்து யாரும் சட்டம் இயற்ற முடியாது. எல்லாவற்றையும் உதறிவிட்டுப் ‘பொது’வை மட்டும் பிடித்துக்கொள்ளும் சுதந்திரம் எங்கே போய் முடியும் என்பதற்குப் பிரெஞ்சுப் புரட்சியின் கில்லட்டின் ஆண்டுகளைக் காட்டினார். தம் பக்கத்துக்கு அவர் வைத்த பெயர் ‘ஸிட்லிஷ்கைட்’. ‘ஸிட்டெ’ என்றால் வழக்கம், மரபு. சொல்வரலாற்றுக் கண்ணோடு பார்த்தால் இது அழகான திருப்பம். கான்ட்டில் முழுக்கச் சட்டமாகிவிட்ட நோமோஸ் ஹெகலில் மீண்டும் பழைய கிரேக்கப் பொருளுக்குத் திரும்பி ஊர் வழக்கமாகிறது. 1807-இல் வெளிவந்த ‘ஆன்மத் தோற்றவியல்’ நூலில் அவர் ஆன்டிகனியிடம் போவதும் தற்செயல் அல்ல. குடும்பத்தின் நோமோஸும் நகரத்தின் நோமோஸும் மோதும் இடம் அது. ஒருத்தி தனியே தனக்கு வகுத்த சட்டமாக ஹெகல் அதைப் பார்க்கவில்லை.

சுதந்திரம் என்பதற்கு ஹெகல் தரும் விளக்கம், பிறிதொன்றில் இருந்துகொண்டே தன்னிடம் இருத்தல். புரியாமல் விழித்த மாணவர்களுக்கு வகுப்பில் அவர் சொன்ன எடுத்துக்காட்டு நட்பும் காதலும். அங்கே நாம் நம்மை விரும்பியே கட்டிக்கொள்கிறோம், அந்தக் கட்டில்தான் நாம் நாமாக இருப்பதாக உணர்கிறோம். ஹெகலின் சொல் ‘ஃப்ரைஹைட்’. அதன் முற்பகுதி ‘ஃப்ரை’யின் வேர், ஜெர்மனில் நண்பனைக் குறிக்கும் ‘ஃப்ராய்ண்ட்’டின் வேர், வடமொழி ‘ப்ரிய’வின் வேர் மூன்றும் ஒன்று. மொழியியலார் ஐயமின்றி ஏற்கும் உறவு இது. வீட்டில் அடிமையாக இல்லாமல் அன்புக்குரிய உறவாக இருப்பவரே பண்டைய ஜெர்மானியருக்குச் சுதந்திரமானவர். நாம் பிள்ளையைப் பிரியமாகக் கூப்பிடும்போது வாயில் வரும் அதே சொல்லின் தூரத்து உறவுதான் பெர்லின் பேராசிரியர் ஹெகலின் சுதந்திரம்.

1831-இல் ஹெகல் இறந்தார். அதற்குப் பிறகு ஆட்டோனமியின் நோமோஸ் பாதி தேய்ந்துகொண்டே வந்தது. 1979-இல் பீச்சம், சில்ட்ரஸ் என்ற இருவர் எழுதிய மருத்துவ அறவியல் நூல் நோயாளியின் ஆட்டோனமியை முதன்மைக் கொள்கைகளில் ஒன்றாக வைத்தது. அறுவைக்கு முன் நாம் கையெழுத்துப் போடும் ஒப்புதல் படிவத்துக்குப் பின்னால் நிற்கும் கருத்து இதுவே. அங்கே அதன் பொருள் தானே முடிவெடுத்தல். எந்தச் சட்டப்படி என்ற கேள்வி இல்லை. நல்ல ஏற்பாடு, ஆனால் கான்ட் இல்லை. ஓட்டுநர் இல்லாத காரையும் இப்போது அட்டானமஸ் என்கிறார்கள். தனக்கு ஒரு விதியையும் வகுத்துக்கொள்ளாமல் எழுதிக் கொடுத்த விதிப்படி ஓடும் பண்டத்துக்கு இதைவிடப் பொருந்தாத பெயர் கிடைக்காது.

தமிழில் சொல் வந்த கதை இதற்கு நேர்மாறு. 1969-இல் இராஜமன்னார் குழு அமைந்த நாளிலிருந்து ‘மாநில சுயாட்சி’ நமக்குப் பழக்கம். 1978 முதல் சில கல்லூரிகள் ‘தன்னாட்சி’ பெற்றன. பாடத்திட்டம் அவர்களே வகுக்கலாம், தேர்வு நடத்தலாம், பட்டம் மட்டும் பல்கலைக்கழகம் கொடுக்கும். ஏஜினா தீவினருக்கு இந்த ஏற்பாடு உடனே புரிந்திருக்கும்: மேலே ஒரு பெரிய அதிகாரம், கீழே எல்லைக்குட்பட்ட தன்சட்டம். கிரேக்க அரசியல் பொருளில் ‘தன்னாட்சி’ குறையில்லாத சொல்.

கான்ட்டை மொழிபெயர்க்கும்போதுதான் சிக்கல். நோமோஸ் ஆட்சி அல்ல, சட்டம். ஆட்சிக்குக் கிரேக்கத்தில் ‘க்ராடோஸ்’ இருக்கிறது. கான்ட்டே 1797 நூலில் இரண்டையும் பிரித்துப் பேசுகிறார். சட்டம் இயற்றுவது ஆட்டோனமி; சட்டத்தை இயற்றிய பிறகு அதன்படி நடக்க ஆசைகளை அடக்கியாளும் வலிமை ‘ஆட்டோக்ரட்டி’. மனிதர்களுக்கு முதலாவது மட்டும் போதாது, இரண்டாவதும் வேண்டும் என்பது அவர் வாதம். தன்னாட்சி என்ற சொல்லை முதலாவதற்கே செலவழித்துவிட்டால் இந்தப் பக்கத்துக்கு வரும்போது மொழிபெயர்ப்பாளர் கையில் சொல் இருக்காது. வாசகரும் கான்ட் தன்னடக்கத்தைப் பற்றி உபதேசிக்கிறார் என்று நினைத்துக்கொள்வார்.

‘நெறி’ நம்மிடம் இருக்கிறது. எழுதிய சட்டமும் ஆகும், ஊர் நடைமுறையும் ஆகும். கான்ட்டின் நோமோஸும் ஹெகலின் ஸிட்டெயும் அதில் இடம் பெறும். கான்ட்டைத் தமிழில் கொண்டுவரும் நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: தன்னாட்சியை ஆட்டோக்ரட்டிக்கு விட்டுவிடுங்கள், ஆட்டோனமிக்குத் ‘தன்னெறி’ என்று எழுதிப் பாருங்கள்.